இரண்டாவது சாட்சி: பழுதில்லாத விமானங்கள் ஏன் மலையில் மோதின?

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் நோர்ட்டன் பிரிட்ஜ் என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், நீர்த்தேக்கங்கள், மலைகள். அந்த ஊரில் ஒரு விமானத்தின் டயரை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். 1974 டிசம்பர் 4 இரவு அந்த மலையில் விழுந்த விமானத்தில் மிஞ்சியது அது.

மார்ட்டின்ஏர் என்ற டச்சு நிறுவனத்தின் டிசி-8 விமானம். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து 182 ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஜித்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. விமானப் பணியாளர்கள் 9 பேர். வழியில் எரிபொருள் நிரப்ப, கொழும்புக்கு வடக்கே உள்ள கட்டுநாயக்கவில் இறங்க வேண்டும். இரவு 10 மணி தாண்டிய நேரம். உயரத்தைக் குறைக்க அனுமதி கேட்டார்கள், கிடைத்தது. படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்தார்கள். ஓடுபாதை கண்ணில் படும் என்று எதிர்பார்த்த நேரத்தில் ஏழு கன்னியர் மலையில் மோதினார்கள். 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஓடுபாதை அங்கிருந்து இன்னும் 40 கடல் மைல், அதாவது சுமார் 75 கிலோமீட்டர் மேற்கே இருந்தது.

விசாரணை காட்டிய காரணம் ஒன்றுதான்: தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்துவிட்டார்கள். மலைகளைத் தாண்டியாயிற்று என்ற நினைப்பில்தான் அவ்வளவு தாழ இறங்கியிருக்கிறார்கள்.

விமானத் துறையில் இந்த வகை விபத்துக்குத் தனிப் பெயரே உண்டு. ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'சீஃபிட்' என்பார்கள். விமானம் முழுக்க விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, எஞ்சின் ஓடுகிறது, இறக்கைகள் சரியாக இருக்கின்றன, ஆனாலும் நேராகப் போய் மலையிலோ தரையிலோ நீரிலோ மோதுகிறது. பெரும்பாலும் கடைசி சில நொடிகள் வரை உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்தே தெரிவதில்லை. இந்த வகை விபத்துகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் மனசு கனத்துப்போகும். ஆனால் இன்றைக்கு விமானப் பயணம் இவ்வளவு பாதுகாப்பாக இருப்பதற்கு, இவற்றிலிருந்து கற்றுக்கொண்டது ஒரு முக்கியமான காரணம்.

'எங்கே இருக்கிறோம்' என்பது எப்படித் தெரியும்?

சில வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து திருச்சிக்கு இரவு ரயிலில் போனேன். திடீரென்று விழிப்பு வந்தபோது ரயில் நீளமான பாலம் ஒன்றில் தடதடத்துக்கொண்டிருந்தது. கொள்ளிடம் வந்துவிட்டது என்று நினைத்து, பையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய் நின்றுவிட்டேன். தூரத்தில் விளக்குகள் தெரிந்தன. ஸ்ரீரங்கம் என்று மனசு சொன்னது. காற்றுகூடக் காவிரிக் காற்று மாதிரிதான் இருந்தது. கதவோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னைப் பார்த்து, "எங்க தம்பி இறங்கணும்? இன்னும் விருத்தாசலமே வரலையே" என்றார். நான் தாண்டியது தென்பெண்ணை. கையில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்திருந்தாலே போதும், திருச்சி வர இன்னும் எவ்வளவோ நேரம் இருப்பது தெரிந்திருக்கும். பார்க்கத் தோன்றவில்லை. 'கொள்ளிடம்' என்று ஒருமுறை முடிவெடுத்த பிறகு, பாலம், விளக்கு, காற்று எல்லாமே அந்த முடிவுக்குத் துணைபோயின.

வழி தவறிய விமானங்களின் கதையில் பெரும்பகுதி இதுதான். விமானி வெளியே எட்டிப் பார்த்து ஊர்ப் பெயர்ப் பலகையைப் படிக்க முடியாது. இரவில், மேகத்தில், கடலுக்கு மேல், அவர் மனசுக்குள் ஒரு வரைபடம் வைத்துக்கொண்டு பறக்கிறார். அதில் தன் விமானத்தை ஒரு புள்ளியாக நகர்த்திக்கொண்டே போகிறார். அந்தப் புள்ளி உண்மையான இடத்தோடு ஒத்துப்போகிறதா என்று அடிக்கடி சரிபார்ப்பதுதான் வழிகாணும் வேலையின் சாரம்.

சரிபார்க்கப் பல வழிகள் உண்டு. மிகப் பழையது கணக்கு. இந்தத் திசையில், இந்த வேகத்தில், இவ்வளவு நேரம் பறந்தோம், ஆகவே இங்கே இருக்க வேண்டும். அந்தக் காலத்து மீகாமன் கடலில் போட்ட கணக்கும் இதே ரகம்தான். இதில் சின்னப் பிழையும் வளரும். திசை 1 பாகை தவறினால், 60 மைல் போனதும் 1 மைல் விலகியிருப்போம். 600 மைல் போனால் 10 மைல். இரண்டாவது வழி, தரையில் உள்ள ரேடியோ நிலையங்கள். ஒவ்வொரு நிலையமும் தன் அலைவரிசையில் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். தன் பெயரை மோர்ஸ் ஒலியில், அதாவது நீளமும் குட்டையுமான ஒலிகளால் எழுத்துகளைக் குறிக்கும் முறையில், சொல்லிக்கொண்டும் இருக்கும். விமானத்தில் உள்ள கருவி அது எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டும். அப்புறம் டாப்ளர், இனர்ஷியல் என்று வெளி உதவி அதிகம் தேவைப்படாத கருவிகள் வந்தன. இப்போது ஜிபிஎஸ்.

மார்ட்டின்ஏர் விமானம் டாப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பி வந்தது. டாப்ளர் கருவி கீழ்நோக்கி ரேடியோ அலையை அனுப்பி, அது திரும்பி வரும்போது ஏற்படும் மாற்றத்தை வைத்து வேகத்தையும் விலகலையும் கணக்கிடும். அதாவது அதுவும் ஒரு கணக்குதான். முந்தைய இடத்தோடு ஓடிய தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும், பிழையும் கூடவே சேரும். அந்த இரண்டு கருவிகளையும் சார்ந்திருந்தது தவறான புரிதலுக்கு இடம் கொடுத்துவிட்டது என்று விசாரணை சொன்னது.

நான்கு இலக்கம்

இந்தத் தலைப்பில் எனக்கு மறக்கவே முடியாத விபத்து ஒன்று உண்டு. 1989 செப்டம்பர் 3, பிரேசில். வாரிக் நிறுவனத்தின் 254-ஆம் எண் விமானம், ஒரு போயிங் 737. மராபா என்ற ஊரிலிருந்து பெலெம் நகரத்துக்குப் போக வேண்டும். ஒரு மணி நேரம்கூட ஆகாத பயணம். பெலெம் வடக்கே, கொஞ்சம் கிழக்குச் சாய்வாக இருக்கிறது. வடக்கிலிருந்து வலப்பக்கமாக எண்ணினால் திசை 27 பாகை.

நிறுவனம் அப்போதுதான் பயணத் திட்டத் தாளின் வடிவத்தை மாற்றியிருந்தது. முன்பு திசையை மூன்று இலக்கத்தில் அச்சிடுவார்கள்: 027. இப்போது கணினி நான்கு இலக்கத்தில் அச்சிட்டது: 0270. கடைசி இலக்கம் தசமம், அதாவது 27.0 பாகை. ஆனால் நடுவில் புள்ளி கிடையாது. மாற்றம் வந்த நேரத்தில் கேப்டன் விடுமுறையில் இருந்தவர். தாளில் 0270 என்று பார்த்தார், கருவியில் 270 என்று வைத்தார். 270 பாகை என்றால் நேர் மேற்கு. மேற்கே இருப்பது அமேசான் காடு.

சரி, இப்படிப் பிழை வந்தால் பிடிப்பதற்குத்தானே துணை விமானி இருக்கிறார்? அவர் வெளியே விமானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தன் பக்கத்துக் கருவியிலும் திசையை வைக்க வேண்டும். தாளைப் பார்த்து வைக்காமல், கேப்டனின் கருவியில் என்ன இருக்கிறது என்று பார்த்து அதையே வைத்துக்கொண்டார். இப்போது இரண்டு கருவியும் 270 காட்டின. இரண்டும் ஒத்துப்போகின்றன, ஆகவே சரி என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் அங்கே இருந்தது ஒரே ஒரு சாட்சி. இரண்டாவது, முதலாவதன் நகல்.

மாலை நேரம். வடக்கே போகும் விமானத்துக்கு மறையும் சூரியன் இடது பக்கம் இருக்க வேண்டும். அன்றைக்கு அது கிட்டத்தட்ட நேர் எதிரே இருந்தது. வானத்தில் அதைவிடப் பெரிய சாட்சி ஏது? ஆனால் ஆட்டோபைலட் ஓட்டிக்கொண்டிருக்க, பழகிப்போன குறுகிய பாதையில், சூரியன் எந்தப் பக்கம் என்று கேட்கும் பழக்கம் அந்த இரண்டு பேருக்கும் அன்று வரவில்லை.

நேரம் ஆனது, பெலெம் வரவில்லை. இருட்டிவிட்டது. கீழே நகரத்தின் விளக்குகளைக் காணோம் என்றதும், வழி தவறியிருப்போம் என்ற எண்ணம் முதலில் வரவில்லை. ஊரில் மின்சாரம் போய்விட்டதோ என்றுதான் தோன்றியது. ஆறு ஒன்றைக் கண்டு, அது தெரிந்த ஆறு என்று நினைத்து அதையொட்டிப் பறந்தார்கள். தென்பெண்ணையைக் கொள்ளிடம் என்று நினைத்த எனக்கு இந்த இடத்தைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. கடைசியில் எரிபொருள் தீர்ந்து, இருட்டில், பெலெமிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, காட்டின் மரங்கள் மேல் விமானத்தை இறக்கினார்கள். 54 பேரில் 40-க்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். சிலர் காட்டுக்குள் நடந்துபோய் ஆட்களைக் கண்டு உதவி கேட்ட பிறகுதான் மீட்புக் குழு வந்து சேர்ந்தது.

அந்தக் கேப்டனைத் திட்டுவது சுலபம். ஆனால் பிறகு சர்வதேச விமானிகள் சங்கக் கூட்டமைப்பு ஒரு சோதனை நடத்தியது. அதே பயணத் திட்டத்தைப் பெரிய நிறுவனங்களைச் சேர்ந்த 21 விமானிகளிடம் காட்டினார்கள். அவர்களில் 15 பேர் அதே பிழையைச் செய்தார்கள். அப்படியென்றால் அந்தத் தாள் ஆட்களை வழுக்கி விழவைக்கும்படி அச்சிடப்பட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். வழுக்கியவரை மட்டும் தண்டித்தால், அந்த வழுக்கல் அடுத்தவருக்காக அங்கேயே காத்திருக்கும்.

"5 மைல்"

1966 ஜனவரி 24. ஏர் இந்தியாவின் போயிங் 707, பெய்ரூட்டிலிருந்து ஜெனீவாவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வழியில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் உயர்ந்த சிகரம் மாண்ட் பிளாங்க். விமானத்தில் இருந்த 117 பேரில் இந்திய அணுசக்தித் துறையின் தந்தை ஹோமி பாபாவும் ஒருவர். அதனால் இந்த விபத்தைச் சுற்றிச் சதிக் கதைகள் இன்றுவரை உலாவுகின்றன. விசாரணை சொன்ன காரணத்தை ஒருமுறை நிதானமாகப் படித்தாலே போதும். அதில் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது.

விமானத்தின் இரண்டு வி.ஓ.ஆர். கருவிகளில் ஒன்று பழுது. ரேடியோ நிலையம் இருக்கும் திசையைக் காட்டும் கருவி அது. இரண்டும் வேலை செய்தால் இரண்டு நிலையங்களின் திசைகளை ஒரே நேரத்தில் பார்த்து, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் தான் இருப்பதாகச் சொல்லலாம். ஒன்றை வைத்துக்கொண்டு அது அவ்வளவு சுலபம் இல்லை. தாங்கள் மாண்ட் பிளாங்க்கைத் தாண்டுகிறோம் என்று கேப்டன் கணித்து, ரேடியோவில் சொன்னார். ஜெனீவாவின் ரேடாரில் பார்த்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளருக்கு அது தவறு என்று தெரிந்தது. அவர் திருத்தவும் செய்தார். மாண்ட் பிளாங்க்குக்கு உங்களுக்கு 5 மைல் இருக்கிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார்.

சொன்னவர் மனதில் இருந்தது, இன்னும் 5 மைல் போனால் மலை. ஏற்கெனவே தாண்டிவிட்டதாக நம்பியவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? மலைக்கும் தனக்கும் இடையே 5 மைல் தூரம் இருக்கிறது, அதாவது விலகியாயிற்று. சரி என்று பதில் சொல்லிவிட்டு இறக்கத்தைத் தொடர்ந்தார். போதுமான துல்லியமில்லாத சொற்களால் அந்தத் திருத்தம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று விசாரணை முடிவு செய்தது. சிகரத்துக்குச் சற்றுக் கீழே விமானம் மோதியது. 1950 நவம்பரிலும் ஓர் ஏர் இந்தியா விமானம் இதே மாண்ட் பிளாங்க்கில் மோதி 48 பேர் இறந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

ரேடாரில் உட்கார்ந்திருந்தவர் நல்ல இரண்டாவது சாட்சி. விமானிக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் சாட்சி சொன்னது கேட்டவரின் பழைய நம்பிக்கைக்குள்ளேயே போய் அடங்கிவிட்டது. இன்றைக்கு விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் பேசிக்கொள்வதைக் கேட்டால், அளந்துவைத்த சில வாக்கியங்களையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். உயரம் சொன்னால் கேட்டவர் அந்த எண்ணை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். வெறுமனே 'சரி' என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. கேட்பதற்கு இயந்திரத்தனமாக இருக்கும். அந்த இயந்திரத்தனத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட மலைகள் இருக்கின்றன.

எரபஸ்

இதுவரை பார்த்ததில் விமானியின் பங்கு கொஞ்சமாவது உண்டு. எரபஸ் விபத்து வேறு மாதிரி. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே கேப்டன் சரிபார்த்தார்.

ஏர் நியூசிலாந்து அப்போது அண்டார்க்டிகாவை வானிலிருந்து சுற்றிக்காட்டும் பயணங்களை நடத்தியது. எங்கும் இறங்காமல், பனிக் கண்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒருநாள் பயணம். 1979 நவம்பர் 28 அன்று புறப்பட்ட டிசி-10 விமானத்தின் கேப்டன் ஜிம் காலின்ஸ். சில வாரங்களுக்கு முன் நடந்த விளக்கக் கூட்டத்தில் அவருக்குக் காட்டிய பாதை, மெக்மர்டோ நீரிணை என்ற உறைந்த கடல் வழியாகப் போனது. சமதளம், ஆபத்தில்லாத இடம். எரபஸ் எரிமலை இடது பக்கம், தூரத்தில் இருக்கும். உயரம் 3,794 மீட்டர். பயணத்துக்கு முந்தைய இரவு காலின்ஸ் தன் வீட்டில் அட்லஸையும் வரைபடங்களையும் விரித்துவைத்து அந்தப் பாதையைக் குறித்துப் பார்த்தார். பொறுப்பான மனிதர்.

அந்தப் பாதையின் கடைசிப் புள்ளி உண்மையில் முந்தைய ஆண்டு கணினியில் தட்டச்சு செய்தபோது நேர்ந்த ஒரு பிழையால் வந்தது. அந்தப் பிழைதான் பாதையைப் பாதுகாப்பான நீரிணைப் பக்கம் தள்ளியிருந்தது. விமானம் புறப்படும் நாளன்று விடியும் முன் அலுவலகத்தில் அந்த எண்ணைத் 'திருத்தினார்கள்'. தீர்க்கரேகை 164 பாகை 48 நிமிடம் என்றிருந்தது 166 பாகை 58 நிமிடம் ஆயிற்று. வரைபடத்தில் அது சுமார் 27 மைல் கிழக்கே நகர்வது. புதிய பாதை நேராக எரபஸ் மலை மேல் போனது. விமானிகளிடம் யாரும் சொல்லவில்லை. காலையில் அவர்கள் கையில் வந்த தாளில், வரிசையாக இருந்த எண்களுக்கு நடுவே இரண்டு மூன்று இலக்கங்கள் மாறியிருந்தன. அவ்வளவுதான். அதைப் பார்த்து அப்படியே விமானத்தின் கணினியில் பதிந்தார்கள்.

மேகத்துக்குக் கீழே தெளிவான வானம் தெரிந்ததால் காலின்ஸ் 1,500 அடி அளவுக்கு இறங்கினார். பயணிகள் பனியைப் பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள். காக்பிட்டில் எரபஸ் இப்போது எந்தப் பக்கம் என்று ஒரு கேள்வி எழுந்தது. இடது பக்கம், 20, 25 மைலில் என்று பதில் வந்தது. எல்லோர் மனதிலும் நீரிணை. கண்ணும் அதையே சொன்னது. மேலே வெள்ளை மேகம், கீழே வெள்ளைப் பனி, ஒளி எல்லாப் பக்கமும் சிதறி நிழலே விழாத நிலை. அப்படிப்பட்ட வெளிச்சத்தில் எதிரே ஏறிச் செல்லும் பனிச்சரிவு, தொடுவானம் வரை போகும் சமவெளியாகத் தெரியும். கண்ணால் காண்பதும் பொய் என்பார்களே, அது இங்கே எழுத்துக்கு எழுத்து நடந்தது. தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை ஒலித்தபோது மோதலுக்கு ஆறு நொடிகள்தான் இருந்தன. 257 பேர் இறந்தார்கள்.

முதல் விசாரணை அறிக்கை, அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கினார் என்று கேப்டன் மேல் பழியைப் போட்டது. பிறகு நீதிபதி பீட்டர் மஹன் தலைமையில் அமைந்த ஆணையம் எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்தது. விமானிகளுக்குச் சொல்லாமல் பாதையின் எண்ணை மாற்றியதுதான் முதன்மைக் காரணம் என்று 1981-இல் மஹன் முடிவு சொன்னார். நாட்டில் பெரும் வாக்குவாதம் கிளம்பியது, பல ஆண்டுகள் ஓயவில்லை. விபத்து நடந்து 40 ஆண்டு நிறைந்த நாளில், 2019-இல்தான், பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் இறந்தவர்களின் குடும்பங்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

காலின்ஸ் அட்லஸில் குறித்தாரே, அது இரண்டாவது சாட்சிதானே என்று கேட்கலாம். அவர் குறித்தது பழைய எண்ணை. கணினியில் போனது புதிய எண். இந்தத் தாளையும் அந்த வரைபடத்தையும் ஒப்பிட வேண்டும் என்று அவருக்குத் தோன்ற ஒரு காரணமும் இல்லை, ஏனென்றால் எதுவும் மாறவில்லை என்றே அவர் நம்பும்படி விட்டிருந்தார்கள். ஒருவர் தன் வேலையைக் கச்சிதமாகச் செய்தும் இப்படி நடந்துபோனது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

ஒற்றை எழுத்து

அடுத்த காலகட்டத்தில் கணினிகள் காக்பிட்டுக்குள் வந்துவிட்டன. பிழை செய்யும் வேகமும் கூடியது. 1995 டிசம்பர் 20 இரவு, மயாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகரத்துக்கு வந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போயிங் 757. ஏற்கெனவே தாமதம். இருபுறமும் உயர்ந்த மலைகள், நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, அதற்குள்தான் விமான நிலையம். அந்தப் பகுதியின் ரேடார் நிலையத்தைக் கிளர்ச்சியாளர்கள் 1992-இல் தகர்த்திருந்தார்கள், ஆகவே கட்டுப்பாட்டாளரால் விமானத்தைத் திரையில் பார்க்க முடியாது. நேராக வந்து மறுமுனை ஓடுபாதையில் இறங்கலாமே என்றார் அவர். நேரம் மிச்சமாகும். ஒப்புக்கொண்டார்கள். அதனால் வேகமாக இறங்க வேண்டிய கட்டாயம், புதிய வரைபடம் எடுக்க வேண்டும், கணினியில் புதிய பாதையைப் பதிய வேண்டும்.

ரோசோ என்ற ரேடியோ நிலையத்துக்கு நேராகப் போக வேண்டும். வரைபடத்தில் அதன் அடையாளம் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து. கணினியில் 'ஆர்' தட்டியதும் ஒரு பட்டியல் வந்தது. முதலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். அது ரோசோ அல்ல, நூறு மைலுக்கும் அப்பால் போகோட்டாவுக்குப் பக்கத்தில் இருந்த ரோமியோ என்ற நிலையம். கணினியின் பட்டியலில் ரோசோவை 'ஆர்' என்ற பெயரில் வைத்திருக்கவே இல்லை. விமானம் சொன்ன சொல் தட்டாமல் இடது பக்கம், மலைகளை நோக்கித் திரும்பியது. இறங்கிக்கொண்டே திரும்பியது.

ஏதோ சரியில்லை என்று விமானிகளுக்குத் தெரிந்தது. எங்கே இருக்கிறோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் குழப்பத்துக்குள்ளும் இறக்கத்தை நிறுத்தவில்லை. இந்த விபத்தில் ஒரே ஒரு பாடம் எடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்: இடம் தெரியவில்லை என்றால் முதலில் இறங்குவதை நிறுத்து, மேலே ஏறு, அப்புறம் தேடு. தரையில் இருந்த கட்டுப்பாட்டாளருக்கும் அவர்கள் கேட்பது பொருந்தவில்லை என்று பட்டிருக்கிறது. ஆனால் அதை விரிவாகக் கேட்கும் அளவுக்கு அவரிடம் ஆங்கிலம் இல்லை. எச்சரிக்கை ஒலித்ததும் முழு விசையோடு ஏறினார்கள், ஆனால் வேகத்தைக் குறைக்க இறக்கை மேல் விரித்துவைத்த தடுப்புகளை மடக்க மறந்திருந்தார்கள். மலை உச்சிக்கு அருகில் மோதினார்கள். 163 பேரில் 4 பேர் மட்டும் பிழைத்தார்கள்.

மலையைத் தெரிந்துவைத்திருக்கும் கருவி

இலங்கை விபத்துக்கு மூன்று நாள் முன்பு, 1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டனுக்குப் பக்கத்தில் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். இறங்கும் அனுமதியை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடுதான் அங்கே காரணம். விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தில், மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளுக்கு எச்சரிக்கையும் அனுப்பியிருந்தது. டி.டபிள்யூ.ஏ. விமானிகளுக்கு அது எட்டவில்லை. இதற்குப் பிறகுதான், விமானிகள் தண்டனைக்குப் பயப்படாமல் தங்கள் பிழைகளையும் நூலிழையில் தப்பியவற்றையும் எழுதி அனுப்ப ஓர் ஏற்பாடு 1976-இல் நாசாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அது இன்றும் நடக்கிறது.

தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியும் அமெரிக்காவில் இந்த விபத்தை அடுத்துத்தான் கட்டாயமானது. அந்தக் கருவியை உருவாக்கிய பொறியாளர் டான் பேட்மேன். தன் வாழ்நாள் உழைப்பையே இந்த ஒரு வகை விபத்தை ஒழிப்பதற்குக் கொடுத்தவர். முதல் கருவியில் ஒரு குறை இருந்தது. அது நேர்கீழே மட்டும் பார்க்கும். தரை வேகமாக உயர்ந்து வருகிறது என்று தெரிந்தால் கத்தும். எதிரே செங்குத்தாக நிற்கும் மலை அதற்குத் தெரியாது. எரபஸில் ஆறு நொடி, காலியில் பன்னிரண்டு நொடி மட்டுமே கிடைத்தது அதனால்தான். உலகத்தின் நிலமேடு பள்ளம் முழுவதையும் கருவிக்குள் பதிந்துவிட்டு, விமானம் இருக்கும் இடத்தை அதனோடு ஒப்பிட்டால் எதிரே வரும் மலையை முன்கூட்டியே சொல்லிவிடலாமே என்று பேட்மேன் குழு யோசித்தது. சோவியத் ஒன்றியம் கலைந்த சமயத்தில் அதன் ராணுவ வரைபடங்களைக்கூட வாங்கிச் சேர்த்தார்கள். காலி விபத்துக்குப் பிறகு இந்தப் புதிய கருவி வேகமாகப் பரவியது. பெரிய பயணிகள் விமானங்களில் சீஃபிட் விபத்து இன்று அபூர்வமாகிவிட்டதற்கு இதுவே பெரிய காரணம்.

காக்பிட்டில் பழக்கங்களும் மாறின. பயணத் திட்டத்தை ஒருவர் பதிந்தால், மற்றவர் மூலத் தாளிலிருந்து படித்துச் சரிபார்க்க வேண்டும். பதிந்தவரின் திரையைப் பார்த்து ஒத்துப்போவது கணக்கில் வராது. 254-ஆம் எண் விமானத்தின் துணை விமானி செய்தது அதைத்தான். அதேபோல, மூத்தவர் தவறு செய்வதாகத் தோன்றினால் இளையவர் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதைப் பயிற்சியிலேயே கற்றுக்கொடுக்கிறார்கள். வயதில் பெரியவரிடம் "சார், இது தப்பு" என்று சொல்வது நம் ஊரில் எவ்வளவு கடினம் என்று நமக்கே தெரியும். மற்ற நாடுகளிலும் அது சுலபமாக இருந்ததில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரு புதுச் சிக்கல். இந்த எச்சரிக்கைக் கருவி, பாதை காட்டும் கணினி, கடிகாரம் என்று பலவும் இன்று ஜிபிஎஸ்ஸைச் சார்ந்திருக்கின்றன. 2023 முதல் போர் நடக்கும் பகுதிகளுக்கு அருகே பறக்கும் விமானங்களுக்குப் பொய்யான ஜிபிஎஸ் சமிக்ஞைகள் வருவது அதிகரித்திருக்கிறது. ஒரே நேரத்தில் எல்லாக் கருவியும் ஒரே பொய்யைச் சொல்லும். 35,000 அடியில், பக்கத்தில் மலையே இல்லாத இடத்தில், மேலே ஏறு என்று எச்சரிக்கை கத்துகிறது. திரும்பத் திரும்பப் பொய்யாக ஒலித்தால், உண்மையாக ஒலிக்கும் நாளில் விமானியின் கை தயங்குமோ என்பதுதான் இப்போதைய கவலை. அமெரிக்கா தன் பழைய வி.ஓ.ஆர். நிலையங்களில் ஒரு பகுதியை மூடிவிட்டாலும், ஜிபிஎஸ் போனால் கைகொடுக்கட்டும் என்று மீதியைப் பராமரித்து வருகிறது. அப்படி ஜிபிஎஸ் மேல் சந்தேகம் வரும் இரவில், விமானி அந்தப் பழைய நிலையம் ஒன்றின் அலைவரிசையை வைத்து, அது மோர்ஸில் சொல்லும் பெயரைக் கேட்கிறார். நீளம், குட்டை, நீளம். வரைபடத்தில் உள்ள பெயரோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த திருப்பத்தைத் திரும்புகிறார்.